நன்றித் திருப்பலியை நிறுத்தக் கோரி

தாராவி,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஏஞ்சல் பெரியம்மாவுக்கு,

லிசா பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் மழைச்சளி தவிர சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் பெரியப்பாவின் கோபமும் குறைந்திருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், தெருவே கேட்கும். அதனால்தான் கடிதம். "எங்க லிசாவோட கண்டுபிடிப்புக்காக" என்று அடுத்த மாத முதல் ஞாயிறன்று நீங்கள் சொல்லிவைத்திருக்கும் நன்றித் திருப்பலியைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். கண்டுபிடிப்பு என்று ஒன்றும் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் பழ ஈ வளர்க்கிறோம். அதன் கண்ணைச் சிவப்பாக்கும் மரபணு ஒன்று உண்டு. அதை இடம் மாற்றி, டி.என்.ஏ. புரதத்தோடு இறுகச் சுருண்டு கிடக்கும் பகுதிக்குப் பக்கத்தில் வைத்தால், ஓர் எழுத்துகூட மாறாமலே அது அடங்கிப்போகும். எங்கள் சந்தில் கடை வாசல்வரை தோல் மூட்டையை அடுக்கினால் ஷட்டர் ஏறாது. உள்ளே சரக்கு இருக்கும், வியாபாரம் இருக்காது. அப்படித்தான். சில செல்களில் மூடியும் சிலவற்றில் திறந்தும் இருப்பதால் கண் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். இன்னொரு மரபணுவைக் கெடுத்தால் அந்த மூட்டைகள் விலகுமா என்று பார்ப்பது என் வேலை.

போன மாதம் ஏசி பழுதாகி ஈ அறையை ஒன்பது நாள் பூட்டிவிட்டார்கள். பக்கத்து ஆய்வகத்தில் பாதிக் குப்பிகளுக்குத்தான் இடம். சீனியர் மகேஷ்குமார், "அரே லிசா, உன் வீடு பக்கம்தானே, மீதியை நீ கொண்டு போ" என்றார். சோதனை ஈக்களும் ஒப்பிட வைத்திருக்கும் சாதாரண ஈக்களும் ஒரே சூட்டில் வளர வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு, சோதனை ஈக்களை மட்டும் டிபன் பையில் வைத்துக் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினேன். பக்கத்து வீட்டு ருக்சானா அக்கா, "ஊரே ஈயை வெரட்டுது, நீ டிக்கெட் எடுத்துக் கூட்டியாறியே!" என்றார். அம்மா குப்பிகளைத் தகரக் கூரைக்கு அடியில் பரணில் வைத்தாள். பிறகு எண்ணிப் பார்த்தால் நான்கு குப்பிகளில் எல்லாக் கண்களும் முழுச் சிவப்பு! என் ஆய்வுக்கு வழிகாட்டும் சார் கைகுலுக்கினார், நான் அழுதேன், அம்மா உங்களுக்குப் போன் போட்டாள். சூடு கூடினாலே அந்தச் சுருள் தளர்ந்து மரபணு திறக்கும் என்பது மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சென்னைக் கருத்தரங்குக்கு சார் என் பெயரைக் கொடுத்துவிட்டார் என்றதும், நேற்று, கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "சூடுதான் காரணம்னு நாளன்னைக்குக் கூட்டத்துல எல்லார்கிட்டயும் நீயே சொல்லிடு." அந்தக் கூட்டத்தில் நான் இதுவரை பேசியதெல்லாம் குட் மார்னிங் மட்டும்தான்.

பெரியப்பாவுக்கு என் தோத்திரம். கோயில் பக்கம் யார் கேட்டாலும் லிசாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
லிசா

பி.கு.: தன் விசாரிப்பையும் சேர்ப்பதற்காக அம்மா இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஏட்டி, சூடுமில்ல ஒண்ணுமில்ல. அந்த நாலு குப்பியில ஈ பூரா செத்துக் கெடந்துச்சு. எண்ணிக்க கொறஞ்சா ஒன்ன வைவாவல்லா? அழுவுன வாழப்பழத்த வச்சி நாந்தான் புடிச்சி விட்டேன். கண்ணு நல்லாச் செவந்ததாப் பாத்துதான் விட்டேன்" என்கிறாள். அத்தனையும் எங்கள் சந்து ஈக்கள். நாளைக் கூட்டத்தில் அம்மாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருப்பலியை நிறுத்த வேண்டாம், பெரியம்மா. வேண்டுதல் கருத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள்: லிசாவுக்கு வாய் திறக்க.