என் உயரத்துக்கு வைத்த ஜன்னல்

என் அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் உன் வீட்டுக்காரரும் முழங்கால் வலி இல்லாமல் நடமாடினால் அதுவே எனக்குப் போதும்.

முதலில் நல்ல சேதி. மகள் வீட்டுப் பெரியவள் பல் டாக்டர் படிப்பில் தங்க மெடல் வாங்கிவிட்டாள். அவள் தம்பி நீச்சலில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவனுக்குக் கால் நீளமாம், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மகன் வீட்டுச் சின்னவள் மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கினாள். பேச்சு எனக்குப் புரியவில்லை, கைதட்டல் நன்றாகப் புரிந்தது. மூத்த பேரனை இந்த வரிசையில் காணோமே என்று நீ தேடுவாய். அவனைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடமாட்டேன் என்கிறது.

அவன் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான், கராஜையே ஆபீஸாக்கிக்கொண்டான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா. கார் பாவம் தெருவில் வெயில் காய்கிறது. இவன் காலையில் உள்ளே போனால் தாழ் போட்டுக்கொள்வான், ஒருவரையும் விடமாட்டான், உள்ளேயிருந்து கடகடவென்று சத்தம் மட்டும் வரும். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இருந்தால் இப்படி ஓடும் என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இருந்தும் எதிர்வீட்டம்மா ஒரு நாள், "உங்க பேரன் எப்பப் பாத்தாலும் வீட்லயே இருக்கானே, வேலை கீலை இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பதை அவள் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும், அதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

வழி தானாகவே வந்தது. கராஜின் தகரக் கதவு அடியில் துருப்பிடித்து, பாதி ஏறிப் பாதியில் நின்றுபோக, புதுக் கதவு போடலாம் என்று பேச்சு எழுந்தது. ஜன்னல் வைத்த கதவு போடலாமே என்றேன், அவ்வளவுதான். திருடன் எட்டிப் பார்ப்பான் என்றான் மகன். வெயில் உள்ளே அடிக்கும் என்றாள் மருமகள். பேரனோ முகம் வெளுத்து, ஜன்னலே வேண்டாம் பாட்டி, வைத்தே ஆகவேண்டுமென்றால் மங்கல் கண்ணாடியாக உச்சியில் வைக்கலாம் என்றான். ஒரு கதவுக்கு மூன்று பேரும் இப்படி ஒற்றுமையாக நின்று நான் பார்த்ததேயில்லை, அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கதவுக்காரர் அளவெடுக்க வந்தபோது நான் மட்டும்தான் வீட்டில் இருந்தேன். வெளிச்சத்துக்கு மேல் வரிசையில் வைப்பதுதான் வழக்கம், உள்ளே இருப்பதும் தெரியாது என்று அவரும் நல்லதைத்தான் சொன்னார். எனக்குத் தெரிய வேண்டும் ஐயா, தெளிந்த கண்ணாடியாக என் கண்ணுக்கு நேரே வையுங்கள், நானும் குள்ளம் எதிர்வீட்டம்மாவும் குள்ளம் என்று சொல்லி, கதவோரம் நிமிர்ந்து நின்றேன். அவரும் என் மூக்கு வரைக்கும் அளந்து எழுதிக்கொண்டு போனார்.

கதவு வந்த அன்று வீட்டில் ஒரே ரகளை. அதை விடு. ஜன்னலுக்கு உள்ளே பேரன் ஒட்டிய காகிதம் விடிவதற்குள் உரிந்து விழுந்திருந்தது, அவன் கவனிக்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையில் உள்ளே சத்தம் கிளம்பியதும் எதிர்வீட்டம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, நன்றாகப் பார் என்று கண்ணாடியில் மூக்கை வைக்கச் சொன்னேன், பக்கத்துக் கண்ணாடியில் நானும் வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, உள்ள நிக்கிற பொம்பளைங்களுக்குத் தலையே இல்லையே" என்றாள்.

தங்கச்சி, தலையில்லாத துணிக்கடைப் பொம்மைகள் வரிசையாகக் கவுன் போட்டுக்கொண்டு நிற்கின்றன. நடுவில் தையல் மெஷின். அதில் உட்கார்ந்து கடகடவென்று மிதித்துக்கொண்டிருக்கிறான் இன்ஜினீயருக்குப் படித்த என் பேரன். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தான், வாய் நிறைய குண்டூசி, பேச முடியவில்லை, பதற்றத்தில் கதவைத் திறக்கிற ரிமோட்டை அமுக்கிவிட்டான். கதவு பாட்டுக்கு மேலே ஏறிவிட்டது. நாங்கள் இருவரும் இல்லாத கதவில் மூக்கை வைத்தபடி தெருவில் நிற்கிறோம்.

கம்பெனி வேலையை விட்டு ரொம்ப நாளாகிறதாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மூச்சு முட்டியதாம், துணி வெட்டித் தைக்கத் தொடங்கிய பிறகுதான் ராத்திரியில் தூக்கமே வந்ததாம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. ஏன் மறைத்தீர்கள் என்று மருமகளைக் கேட்டேன். "நீங்க தெரு முழுக்கச் சொல்லிட்டீங்களே அத்தை, உங்க முகத்துல அடிச்ச மாதிரி எப்படி இதைச் சொல்றது?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பேரனோ என் காலடியில் உட்கார்ந்து, சட்டையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து நான் வாசல் பக்கம் போவதில்லை. ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்டேன். கதவையே மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன், ஒரு ஓட்டைகூட இல்லாமல். இனி எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன், சொல். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, உன் சம்பந்தி கண்ணில் பட்டுவிடப்போகிறது.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. பேரப்பிள்ளைகள் எல்லோரும் நூறு வயது வாழட்டும், யாரும் கதவைச் சாத்திக்கொண்டு வாழாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் உடைந்த உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் எதிர்வீட்டம்மா துணியோடு வந்துவிட்டாள். பேரன் அவளுக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்தான். போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள் பார், அவளுக்கு இடுப்பு இருப்பதே இன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. காகிதத்தை நானே சுரண்டி எடுத்துவிட்டேன். கதவுக்காரரிடம் இன்னொரு வரிசை ஜன்னல் கேட்டிருக்கிறேன், உயரமானவர்களும் பார்க்க வேண்டாமா. கடிதத்தைக் கிழிக்காதே, சம்பந்திக்கும் காட்டு. உனக்கு ஒரு குளிர்கோட்டு தைக்கச் சொல்லிவிட்டேன். என்னிடம் உள்ள உன் போட்டோவில் நீ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய், அதை வைத்து ஒன்றும் வெட்ட முடியாதாம். நேராக நின்று, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், புதுசாக ஒரு போட்டோ எடுத்து உடனே தபாலில் அனுப்பு.