பாதி பானெட்

கார் பானெட்டின் நடுவில் ஒட்டிய காகித டேப் கோணலாகப் போய்விட்டது. சரி செய்யப் போன மாப்பிள்ளையை மாமனார் தடுத்தார்.

"விடுங்க மாப்பிள்ளை. ரெண்டு விரல் இடம் உங்க பக்கம் கூடுதலாவே இருக்கட்டும்."

கார் கழுவி மெருகேற்றும் அந்தக் கடையில் மாப்பிள்ளைக்கு ஆறு வருடமாக டயர் மட்டும்தான். பானெட் மாமனாருடையது. அடுத்த மாதம் அவர் ஓய்வெடுக்கப் போகிறார், ஆனால் எந்த மெழுகு என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் இந்தப் பந்தயம். பல் டாக்டரம்மாவின் கறுப்புக் காரில் இடது பாதி மாமனாரின் பழைய மெழுகு, வலது பாதி மாப்பிள்ளையின் புது ஹைபிரிட் மெழுகு.

"டாக்டரம்மா எதைக் கை காட்டுறாங்களோ அதுதான் இனிமே கடை மெழுகு" என்றார் மாமனார். "உங்க பக்கம் தோத்தா ஹைபிரிட் இந்த வாசப்படி ஏறக்கூடாது. நான் ஓய்வைத் தள்ளிப் போட்டுக்கறேன். நீங்க டயரைப் பாத்துக்கங்க."

"ஜெயிச்சா?"

"பானெட் உங்களுக்கு."

மாப்பிள்ளையின் ஆறு வருடக் கனவு அது.

மாமனாருடையது பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கிற சுத்த மெழுகு. பளபளப்பு அழகாக இருக்கும், நாலைந்து வாரத்தில் போய்விடும். ஹைபிரிட்டில் மெழுகோடு செராமிக்கும் கலந்திருக்கும், மழை வெயிலைப் பல மாதம் தாங்கும். டப்பாவிலேயே அப்படி அச்சடித்திருந்தார்கள்.

மாமனார் தொட்ட கார்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லவில்லை. நாலு மாதம் மழையில் நின்ற காரிலும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். "கைராசிக்காரர்" என்று வாடிக்கையாளர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். வெளியே வாதாடினாலும் மாப்பிள்ளையும் உள்ளுக்குள் மலைத்துத்தான் போயிருந்தான். அந்த நசுங்கிய தகர டப்பாவை அவர் கடையில் யாரையும் தொட விட்டதில்லை. அது பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி அவர் இடுப்பில் இருக்கும். கடைக்குப் பொருள் கொண்டுவரும் வேன் வந்தால்கூட அவரே பின்வாசலுக்குப் போய் இறக்கிக்கொள்வார்.

"மாமா, அந்த டப்பாவை ஒரு தடவை மோந்து பாத்துக்கட்டுமா?"

"சளி பிடிக்கும்" என்று மூடியை மூடிவிட்டார்.

வேலை தொடங்கியது. மாமனார் ஸ்பான்ஜால் மெழுகைத் தொட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு கொஞ்சமாக எடுத்தார். சின்னச் சின்ன வட்டமாகக் கை போனது. பின்னாலேயே துணி வந்தது. துணி போன இடத்தில் கடையின் கூரை, டியூப் லைட், லைட்டில் உட்கார்ந்திருந்த பல்லி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு மனிதர் கையால் கறுப்பு இன்னும் கறுப்பாக முடியுமா என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தச் சிலிர்ப்பில்தான் வினை. ஜெயிக்கவேண்டுமென்ற ஆசையில் அவன் தன் பாதியில் ஹைபிரிட்டை வழித்துப் பூசியிருந்தான். ஹைபிரிட்டைச் சில நிமிடங்களில் துடைத்துவிட வேண்டும். மாமனாரின் கையைப் பார்த்து வாய் பிளந்து நின்றதில் கால் மணி நேரம் போய்விட்டது.

துடைத்தான். துணி நகரவில்லை. அழுத்தித் துடைத்தான். வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

"என்ன மாப்பிள்ளை, பாதைக்குக் கோடு போடுறீங்களா?"

"இருங்க மாமா, இன்னும் முடியல."

காய்ந்த மெழுகை இளக்க மேலே இன்னொரு பூச்சு பூசினான். கோடுகள் மறைந்தன, ஆனால் எண்ணெய்த் திட்டு மாதிரி வானவில் எழும்பியது. அது போயிற்றா என்று வெளிச்சத்தில் பார்க்கக் காரை வெயிலுக்குத் தள்ளினான். தகடு சுட்டது, வானவில் அப்படியே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் தெளித்தான். சொட்டுகள் காய்ந்து புள்ளி புள்ளியாக நின்றன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கடைசியில் டேப்பை உரித்தபோது அதன் பசை கொஞ்சம் தங்கியது. அதுவும் அவன் பக்கத்தில்தான்.

டாக்டரம்மா வந்துவிட்டார். பல்லைப் பார்க்கிற பழக்கத்தில் கண்ணைச் சுருக்கிக் குனிந்தார். இடது பாதியில் தன் முகத்தைப் பார்த்தார், நெற்றியில் கலைந்திருந்த முடியைச் சரி செய்தார்.

"என் கார்தானா இது?"

பிறகு வலது பாதிக்கு நகர்ந்தார்.

"இது ஊத்தை பிடிச்ச பல்லு மாதிரி இருக்கே. எப்போ சுத்தம் பண்ணப் போறீங்க?"

மாப்பிள்ளை தலை குனிந்தான். தோற்ற வருத்தம் இருந்தது. ஆனால் இடது பாதியைத் திரும்பிப் பார்த்தபோது அந்த வருத்தம்கூடச் சின்னதாகிப் போனது.

"மாமா, நான் ஒத்துக்கறேன். பழைய மெழுகுக்கு ஈடே கிடையாது. இனிமே ஹைபிரிட்னு வாயைத் திறக்க மாட்டேன்."

மாமனார் ஏனோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கை பழகணும் மாப்பிள்ளை. டப்பாவுல என்ன இருக்கு" என்று சொல்லி, மறு பாதியையும் தானே சரி செய்து தருவதாக டாக்டரம்மாவைச் சமாதானப்படுத்தி, குளிர்ச்சியாக ஏதாவது வாங்கி வர எதிர்க்கடைக்கு நடந்தார்.

மாப்பிள்ளை தன் ஹைபிரிட் டப்பாக்களைக் குப்பைக் கூடையில் போட்டான். பழைய வாளியைத் தேடி எடுத்து முதல் டயருக்கு முன்னால் உட்கார்ந்தான். பின்வாசலில் பொருள் வேன் வந்து நின்றது. டிரைவர் ஒரு அட்டைப் பெட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பெரியவர் இல்லையா சார்? அவரோட ஹைபிரிட் வந்திருக்கு, அந்த நசுங்குன டப்பாவை எடுத்துக் குடுங்க, நாலு வருஷமா செய்யுற மாதிரி நானே அதுல மாத்தி வச்சுட்டுப் போயிடறேன்."