டாக்டரம்மா நடக்கச் சொன்னார்

எங்கள் ஊரில் ஒரு பெண் தெருவில் நடந்தால் இடுப்பில் குடமோ தலையில் புல்லுக்கட்டோ இருக்க வேண்டும். வெறுங்கையோடு நடந்தால் புருஷனோடு சண்டை என்று அர்த்தம். வயிற்றுப் பிள்ளையோடு, வெறுங்கையோடு, கண்மாயைப் பார்த்து நடந்தால் என்ன அர்த்தம் என்பது அன்று சாயங்காலம்வரை எனக்குத் தெரியாது.

அதற்கு முந்தைய வருஷம் என் தலைப்பிள்ளை இறந்தே பிறந்திருந்தான். நாற்று நடப் போனதால்தான் என்றது ஊர். அத்தை (என் மாமியார்) அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை. மறுபடி நான் உண்டானதும் விளக்குமாற்றைக்கூடத் தொட விடவில்லை. படுத்தே கிடந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நினைப்பெல்லாம் போன பிள்ளையிடமே போனது.

இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, இப்படிக் கிடக்கக் கூடாது என்றார். சமதரையில் தினமும் மெதுவாக நடக்க வேண்டும், மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, வலியோ உதிரமோ கண்டால் உடனே ஓடிவர வேண்டும். போன பிள்ளை நாற்று நட்டதால் போகவில்லை என்றும் சொன்னார். (அதைக் கேட்டு அங்கேயே அழுதேன்.) கூட வந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தன் அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆகவே அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகப் பார்த்து நானே கிளம்பினேன். ஊரில் சமதரை என்றால் கண்மாய்க்கரைதான். மகாராணி கணக்காக நடந்தேன். மூச்சு வாங்கியது, நின்றேன். கரையில் நின்றால் தண்ணீரைத்தானே பார்க்க முடியும்?

வயலிலிருந்து சின்ன மாமா, மாமனாரின் தம்பி, பார்த்துவிட்டார். "ஏ தாயி, நில்லு" என்று கத்தினார். திட்டப்போகிறார் என்று நான் விரைசலாக நடந்தேன். அவர் ஓடிவந்தார். கரை மழையில் ஊறியிருந்தது. மனிதர் வழுக்கி, என்னைத் தாண்டி, நேராகக் கண்மாய்க்குள் போனார். வேட்டி தனியாக மிதந்து போனது.

ஊரே கூடிவிட்டது. பெண்களும் வந்துவிட்டதால் அவர் கழுத்தளவுத் தண்ணீரைவிட்டு வெளியே வர மறுத்தார். ஆளாளுக்கு எனக்கு உயிரின் அருமையை எடுத்துச் சொன்னார்கள். டாக்டரம்மா நடக்கச் சொன்னார் என்றேன்.

"கண்மாய்க்குள்ளயா நடக்கச் சொன்னாக?" என்றார் சின்ன மாமா, உள்ளேயிருந்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை போனபிறகு வந்த முதல் சிரிப்பு. அப்போதுதான் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"ஒன்னையும் தூக்கிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்லத்தா."

அன்றிரவு வீட்டுக்காரருக்கு ஒருவழியாக வாய் வந்தது. அத்தை அதை நம்பினாரோ இல்லையோ, மறுநாளிலிருந்து என்கூடவே நடந்தார். ஒருநாள் கரைமுனையில், கருவேல மரத்தடியில் நின்றுவிட்டார். "இங்கனதான் புள்ளைய வச்சோம். என் கையாலதான் வச்சேன்" என்றார். அதுவரை யாரும் எனக்குக் காட்டியிராத இடம். இருவரும் உட்கார்ந்து அழுதோம். ஓய்ந்ததும், "மெல்ல எந்திரி" என்று கைகொடுத்தார்.

மகள் சுகமாகப் பிறந்தாள். பச்சை உடம்பு தேறட்டும் என்று டாக்டரம்மா சொன்னபடி முதலில் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடந்து, பிறகு கரைக்குப் போனேன். அந்தப் பழக்கம் விடவே இல்லை. யாராவது என்னைத் தேடி வந்தால், "அம்மா சாகப் போயிருக்கு, இப்ப வந்துரும்" என்பாள் மகள். வந்தவர் முழிப்பார். வீடே சிரிக்கும். சின்ன மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

அத்தை மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. கூட நடக்கக் கால் ஒத்துழைக்காமல் போன பிறகு, இருந்த காலம்வரை, நான் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பார்.