சுகம் என்றால் மெஷின் நிற்கும்

வந்தவரின் தலையைப் பாதியில் விட்டுவிட்டு, "உண்மையைச் சொன்னால்தான் மிச்சம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் முடிதிருத்துநர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய கடை லண்டனின் ஸ்ட்ரெதம் பகுதியில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் அரைமொட்டை.

ஜமெய்க்காப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த கறுப்பர். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். கதிரையில் ஏறியவரின் தலை பாதி ஆனதும், "எப்பிடி இருக்கிறாய்?" என்பார். கேட்பது ஆங்கிலத்தில்தான், என் ஞாபகத்தில் நிற்பது எங்கள் பேச்சில். "சுகமா இருக்கிறன்" என்றால் முடிவெட்டும் மெஷின் நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்தானுக்கு இது பெரிய சோதனை. வீடு பற்றி எரிந்தாலும் "ஓம், சுகம்" என்று சொல்லிப் பழகிய கூட்டம் நாங்கள். என் கூட்டாளி கனகு அண்ணை முதல் நாளே அகப்பட்டார்.

"சுகம்."

மெஷின் நின்றது.

"சத்தியமாச் சுகம்."

மெஷின் அசையவில்லை. பின்னேரம் அவருக்கு ஒரு கலியாண வீடு. கண்ணாடியில் தன் பாதித் தலையைப் பார்த்தார்.

"சரி ஐயா. மனுசி என்னோடை ஒரு மாசமாக் கதைக்கேல்லை. எனக்கு வீட்டை போகவே விருப்பமில்லை."

மெஷின் ஓடியது. வரிசையில் இருந்த பஸ் டிரைவர், "என்ரை ஆளும் அப்பிடித்தான்" என்றார். அதன்பின் சனிக்கிழமைகளில் ஆம்பிளைகள் முடி வளராமலே வரத் தொடங்கினார்கள்.

"உமக்கேன் இந்த வேலை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கறுப்பு ஆம்பிளை எண்டால் பாறாங்கல்லு எண்டு வெளியாக்கள் நினைச்சினம். வீட்டிலையும் அதைத்தான் சொல்லித் தந்தினம். பாறாங்கல்லு டொக்டரிட்டப் போகாது" என்றார்.

அந்தப் பாறாங்கல் அவருடைய தகப்பன் என்பது பிறகுதான் தெரிந்தது. கிழவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். அவரோ ஆஸ்பத்திரிப் பக்கம் போகவும் மாட்டார், அதைப்பற்றி வாய் திறக்கவும் மாட்டார். ஒரு சனிக்கிழமை முடிவெட்ட வந்தார்.

"எப்பிடி இருக்கிறியள், அப்பா?"

"சுகம்."

மெஷின் நின்றது. கிழவர் எழும்பி, பாதித் தலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அட பாவி, பெத்த தேப்பனுக்குமா?" என்றார் கனகு அண்ணை. அரைமொட்டை தகப்பன் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிழவர் தேவாலய வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறவர். உள்ளே ஆண்கள் தொப்பி போடக்கூடாது. அந்த ஞாயிறு அவர் போகவில்லை. வாழ்நாளில் தவறாத மனிதர் தவறியதும் சபையே கதைத்தது. வேறு கடையில் போய் மிச்சத்தை வெட்டியிருக்கலாம். மகன் தொட்ட தலையை இன்னொருவனிடம் கொடுக்க மனம் வரவில்லையாம்.

அடுத்த சனிக்கிழமை வந்து கதிரையில் ஏறினார்.

"எப்பிடி இருக்கிறியள், அப்பா?"

கிழவர் கண்ணாடியில் தன் பாதித் தலையைப் பார்த்தார்.

"பயமாக் கிடக்கு. மயக்க மருந்து தந்தால் எழும்பமாட்டனோ எண்டு பயமாக் கிடக்கு."

மெஷின் ஓடியது, ஆனால் கோணலாகக் காதுப் பக்கம் போனது.

"மெல்ல, மெல்ல! காது!" என்றார் கிழவர். பிறகு திரும்பி, "நீ எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டார்.

ஊரையெல்லாம் குடைந்த மனிதர், பழக்கதோஷத்தில், "சுகமா இருக்கிறன், அப்பா" என்றார்.

கிழவர் தொப்பியை எடுத்தார். "அப்ப நான் போயிட்டு வாறன்."

"ஐயோ, இருங்கோ!" அரைமொட்டை அவர் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்கள் செத்துப் போவியளோ எண்டு நான் நித்திரையே கொள்ளுறேல்லை."

கனகு அண்ணை மூக்கைச் சீறினார். தடிமன், சளி பிடித்துவிட்டது என்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, தடிமன் இல்லை" என்றார்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. கிழவர் இப்போது சுவரோரக் கதிரையில் இருந்துகொண்டு, வருகிறவர்களை மகனுக்கு முன்னமே விசாரிக்கிறார்.

எனக்கு முழு வழுக்கை விழுந்துவிட்டது. வெட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் சனிக்கிழமை போய்க் கதிரையில் ஏறுகிறேன். அரைமொட்டை கழுத்தில் துணியைக் கட்டி, வெறும் தலைக்கு மேல் மெஷினைப் பிடித்தபடி, "எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்கிறார். அவர் அப்படிக் கேட்காவிட்டால் எனக்கு அந்தக் கிழமையே ஓடாது.