பதினான்கு தடவை செத்த மாஸ்டர்

கண்டியில் முறையாகச் சாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களெல்லாம் ஏதோ வந்தது, போய்ச் சேர்ந்தார்கள். மாஸ்டர் அப்படியல்ல. பதினான்கு குங்ஃபூ படங்களில் பதினான்கு விதமாகச் செத்தவர். தியேட்டர் தெருவில் அவருக்குச் செத்த மாஸ்டர் என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபப்படமாட்டார். "ஆமா, சொல்லுங்க" என்று திரும்பிப் பார்ப்பார்.

கப்பலில் சமைக்கிற கோக்கியாகப் போனவர் ஹொங்கொங்கில் இறங்கி, திரும்ப ஏற மறந்துவிட்டார். பசியோடு அலைந்தபோது ஒரு வாசலில் வரிசை தெரிந்தது. இலவசச் சாப்பாடு என்று நினைத்து நின்றார். உள்ளே போனதும் தலையைச் சிரைத்தார்கள், பின்னல் ஒட்டினார்கள், கையில் வாள் கொடுத்தார்கள். பகல் பன்னிரண்டுக்குள் இரண்டு தடவை வெட்டுப்பட்டார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்காகவே பதினொரு வருடம் செத்துக்கொண்டிருந்தார்.

ஒரே சங்கடம் நிறம். நம்முடைய நிறத்தில் சீனக் கொள்ளைக்காரன் கிடையாது என்று முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டார்கள். பதின்மூன்று படங்கள் அப்படியே போயின. பதினான்காவதில்தான் கதாநாயகன் வாள் நுனியால் அந்தத் துணியைக் கிழிப்பான். மாஸ்டரின் முகத்துக்கு வெள்ளை மாவு பூசி, இரண்டு விநாடி காட்டினார்களாம். அந்தப் படம் மட்டும் கண்டிக்கு வந்திருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி எங்கள் தியேட்டருக்குச் சுவரொட்டி ஒட்டினார். நான் பேக்கரி, காய்கறி லொறி, மரம் விற்கும் மரக்காலை என்று வேலை பார்த்துவிட்டுப் பிறகுதான் அங்கே வந்து சேர்ந்தேன். படத்தில் சண்டைக்காரர்கள் எட்டுப் பேர் சூழ்ந்து நின்றாலும் கதாநாயகனிடம் ஒவ்வொருவராகத்தான் போகவேண்டும் என்பது அவர்கள் தொழிலின் ஒழுங்கு. மாஸ்டர் அதைக் குட்செட் பஸ் நிலையத்திலும் கடைப்பிடித்தார். முழங்காலை மடித்து, இரண்டு கையையும் உயர்த்தி, தன் முறை வரும்வரை அசைந்துகொண்டு நிற்பார். அம்பிட்டிய பஸ் மூன்று அவரை விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு நாள் கண்டக்டர் ஒருவர் பொறுக்காமல், "ஏறுங்க ஐயா" என்று தோளில் கை வைத்தார். மாஸ்டர் பின்னால் பறந்து, இரண்டு வாழைக்காய்க் கூடைகளைத் தாண்டி விழுந்து, கால் உதறி அடங்கினார். கண்டக்டர் அழுதே விட்டார்.

"அடிக்கிறவன் சும்மா கையைத்தான் வீசுவான் தம்பி," என்பார். "அது அடியா இல்லையான்னு தீர்மானிக்கிறது விழுறவன்."

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் இது உதவியது. நான் அப்போது வேலை செய்த பேக்கரியின் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன், பார்த்தவர்கள் சொன்னது இது. பொல்லுகளோடு இருபது பேர் தெருமுனைக்கு வந்தபோது மாஸ்டர் தனியாக நின்றிருக்கிறார். முன்னால் வந்தவன் பொல்லைத் தூக்கினான், இறக்கவில்லை. அதற்குள் மாஸ்டர் மூன்று சுற்றுச் சுற்றிச் சாக்கடைக் கானுக்குள் விழுந்து முடித்திருந்தார். வாயிலிருந்த வெற்றிலைச் சாறு மீதியைப் பார்த்துக்கொண்டது. பொல்லுக்காரன், "நான் அடிக்கல்ல, நான் அடிக்கல்ல" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓட, மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். எங்கள் தெருவின் பதினொரு தமிழ் வீடுகளும் தப்பின. அடுத்த தெருவில் விழுவதற்கு ஆள் இருக்கவில்லை.

இதற்குப் பிறகும் தேநீர்க்கடை ஹாஜியார் மட்டும் அவரை நடிகராக ஏற்றுக்கொள்ளவில்லை.

"எல்லாம் சரி மாஸ்டர், ஒங்கட மொகம் எங்க ஈக்கி? பதிமூணு படமும் பாத்தாச்சி. எல்லாத்திலயும் ஒரு கறுப்புத் துணிதான் மவுத்தாகுது."

"பதினாலாவது வரட்டும் மொதலாளி."

நாலைந்து வருடம் கழித்து அது வந்தது. ஒரே பிரதி, இரண்டு தியேட்டர். பிலிமத்தலாவையில் ஒரு மணி நேரம் முன்பே படத்தைத் தொடங்குவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலை டப்பாவில் போட்டு மோட்டார் சைக்கிளில் கண்டிக்குக் கொண்டுவருவது என் வேலை. மாஸ்டரின் முகம் ஐந்தாவது ரீலின் தொடக்கத்தில். அதைத் தன் கையாலேயே கொண்டுவர வேண்டும் என்று பின்னால் ஏறிக்கொண்டார். பிலிமத்தலாவையில் ரீல் ஓடும்போது திரைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"பாருங்களேன் மாஸ்டர்."

"நம்ம தெருவோட சேந்துதான் பாப்பேன்."

பேராதனைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். மாஸ்டரிடம் அடையாள அட்டை இருந்தது. என்னுடையது லொறி வேலையில் தொலைந்து இரண்டு வருடம். சிப்பாய்களில் மூத்தவன் டப்பாவைத் தட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீ போ," என்றான் மாஸ்டரிடம். "இவன் இருக்கட்டும்."

அந்தக் காலத்தில் அப்படி இருக்கச் சொல்லப்பட்டவர்களில் சிலர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

மாஸ்டர் போகவில்லை. "மாத்தயா, இது படம். நான் இதில நடிகன்," என்றார் சிங்களத்தில். அவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் டப்பாவைத் திறந்து, பிலிமை இழுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். மூத்தவன் ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தான்.

"விழுந்து காட்டு."

பிலிமை அவனிடம் கொடுத்துவிட்டு, கொதிக்கிற தார் ரோட்டில் மாஸ்டர் விழுந்தார். இடது கை முதலில், பிறகு தோள், கடைசியாக ஒரு பெருமூச்சு. சிப்பாய் பிலிமைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். மறுபடியும் பிலிமைப் பார்த்தான். குரல் மாறிவிட்டது.

"என் தம்பிக்கு குங்ஃபூ என்றால் உயிர். சொன்னால் நம்பமாட்டான். இதில் ஒரு துண்டு தாங்க மாஸ்டர்."

"இவனை விடுவீங்களா?"

சிப்பாய் தலையாட்டினான். மாஸ்டர் பையிலிருந்து சுவரொட்டி வெட்டும் பிளேடை எடுத்தார். முகம் தெரிகிற துண்டு இரண்டு முழம்கூட இருக்காது. வெட்டுவதற்கு முன் அதை என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"எப்படி தம்பி?"

"கெதியா வெட்டுங்க மாஸ்டர்," என்றேன். என் கை அதற்குள் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

தியேட்டரில் ஆபரேட்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஆர் இதை வெட்டினது?" என்றார். "நான்தான்" என்றார் மாஸ்டர். ஆபரேட்டர் இரண்டு முனையையும் ஒட்டி ஓட்டினார். தெருவே உள்ளே இருந்தது. கறுப்புத் துணி கட்டிய கொள்ளைக்காரன் மேசைமேல் பாய்ந்தான். வாள் உயர்ந்தது. திரை ஒரு துள்ளு துள்ளியது. கொள்ளைக்காரன் குப்புறக் கிடந்தான்.

"இந்தத் தரம் முதுகுதான் ஈக்கி மாஸ்டர்," என்றார் ஹாஜியார். கலரியே சிரிப்பில் குலுங்கியது. நான் நடந்ததைச் சொல்ல எழுந்தேன். மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காரு. ரீலை வெட்டினது தெரிஞ்சா ஒன் வேலை போயிரும்."

பிறகு மற்றவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். ஹாஜியாருக்கு அவர் கடைசிவரை நடிகரில்லை.

கண்டியில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். கட்டைவிரல் நகமளவு. மாவுக்கு மேல் வேர்வை, புருவத்தில் கோபம், வாயோரத்தில் அடக்கப் பார்த்தும் அடங்காத ஒரு சிரிப்பு. "எப்படி தம்பி?" என்று அவர் கேட்டபோது வெட்டத்தான் சொன்னேன்.

நல்லா இருந்திச்சு மாஸ்டர். ரொம்ப நல்லா இருந்திச்சு.