தூண்டில் நானாவின் ஆயுட்கால லைசன்

மாத்தளை மாவட்டத்தில் மீன்களே மரியாதை கொடுத்த ஒரே மனிதர் தூண்டில் நானா. அந்த மரியாதையில்தான் அவை அவருடைய தூண்டிலைத் தொடுவதில்லை.

தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டி ஓய்ந்தவர். ஜும்ஆ நேரம் போக மற்ற நேரமெல்லாம் பலாபத்வலை ஊருக்கு உள்ளே இருக்கும் குளத்தில் கிடப்பார். ஊரில் ஜப்பான் மீன் என்று சொல்லும் அந்தத் திலாப்பியா மீன்களோடு சிங்களத்தில்தான் பேசுவார்.

"ஜப்பான் மீனுக்கு சிங்களம் வெளங்குமா நானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேருதான் தம்பி ஜப்பான். பொறந்து வளந்ததெல்லாம் இங்கதானே?"

விளங்கியிருக்க வேண்டும். ஒன்றும் கிட்ட வரவில்லை.

மீன்பிடி அனுமதி கொடுக்கும் காரியாலயத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். சிங்களப் படிவங்களைத் தமிழாக்குவது என் வேலை; அவற்றை யாரும் வாசிப்பதில்லை என்பது என் பாதுகாப்பு. நானா மட்டும் ஒரு வரி விடாமல் வாசிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் குளத்தில் வழுக்கி விழுந்தார். அவருடைய மகள் தமிழ் டீச்சர். "லைசன் முடியிற வரைக்கும் போங்க வாப்பா. அதுக்குப் பொறகு தூண்டிலத் தொடக்கூடாது" என்று வாக்கு வாங்கிக்கொண்டார். நானா வாக்கு மாறாதவர். லைசன் முடிய இரண்டு கிழமை இருக்கையில், கையில் போனோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, வெளிநாட்டுல ஆயுசு முழுக்க ஒரே லைசன் குடுக்குறாங்க. அறுபத்தஞ்சு தாண்டினா கட்டணம் கொறைவு. அங்கேயே குடியிருக்கணுமாம். நான் எழுபத்தொரு வருஷமா மாத்தளையிலதான். எனக்குத் தகுதி இருக்கா, இல்லையா?"

"அது அந்த நாட்டுச் சட்டம் நானா. வேட்டைக்கும் சேத்துக் குடுக்கிறது."

"வேட்டை வேணாம். பாதிக் கட்டணம் போடுங்க."

"இங்க வருஷ லைசன் மட்டுந்தான்."

"அப்ப ஒரு வருஷத்துல மௌத்தாகிருவேன்னு நானே கையெழுத்து வைக்கணுமா?"

நானா வாடிய முகத்தோடு பழைய லைசன் அட்டையை எடுத்தார். திடீரென்று அவர் விரல் ஒரு வரியில் நின்றது. 'செல்லுபடியாகும் காலம்' என்று இருக்கவேண்டிய இடத்தில், என் கைவண்ணத்தில், 'ஆயுட்காலம்' என்று அச்சாகியிருந்தது. எதிரே எழுதிய திகதிகள் குளத்தில் விழுந்த அன்றே கரைந்துவிட்டன.

"இத எழுதினது யாரு?"

"நான்தான்."

"படிச்ச மனுசன்!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே மகள் எனக்குப் போன் எடுத்தார். "சேர், வாப்பாக்கு ஆயுட்கால லைசன் குடுத்தீங்களா?"

"அப்படியா சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அட்டையில இருக்கிறத வாசின்னு மட்டும் சொன்னாரு."

பொய் சொல்லாத மனிதர்; வாசிக்க வைப்பார்.

"பிழை என்னோடது டீச்சர். அது வருஷ லைசன்தான்."

மறுமுனையில் சிரிப்பு. "சந்தோசத்துல பகல் சோறும் திங்கல சேர் அவரு. புதுப்பிச்சுக் குடுங்க, அவருக்கிட்டச் சொல்லாதீங்க. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டுந்தான், தனியாப் போகவும் கூடாது. பிழை ஒங்கடதுதானே? நீங்களே கூடப் போங்க."

அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள்தான் அந்த லைசனுக்குக் கட்டணம். வருடா வருடம் புதுப்பிக்கும் படிவத்தை நீட்டுவேன். எல்லாப் படிவத்தையும் வரி விடாமல் வாசிக்கும் நானா, அதை மட்டும் குளத்தைப் பார்த்தபடியே கையெழுத்திட்டுத் தருவார்.

அட்டையில் இன்னும் 'ஆயுட்காலம்' என்றுதான் இருக்கிறது. திருத்தும்படி மேலிடம் இரண்டு தடவை எழுதிவிட்டது. அந்தப் பிழை மட்டும் என் கண்ணில் படுவதே இல்லை.