பச்சைப் பொத்தானில் எழும் கணினி

அன்பும் மரியாதையும் மிக்க செல்லப்பன் அண்ணனுக்கு,

குரும்பலூரிலிருந்து தங்கை அனுசுயா வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். கணினியும் ஏறக்குறையச் சுகம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? போனில் கணினி என்று ஆரம்பித்தாலே நீங்கள் வைத்துவிடுவதால் எழுதுகிறேன். உங்கள் மகள் முத்தமிழின் கல்யாணப் பத்திரிகையைத் தயவுசெய்து அரியலூர் அச்சகத்தில் கொடுத்துவிடாதீர்கள். அத்தைக்காரி நான்தான் செய்து தருவேன் என்று நிச்சயதார்த்தத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குலதெய்வத்தின் முன் வைக்கிற முதல் பத்திரிகை என் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

நீங்கள் வாங்கித் தந்த அந்தப் பெரிய கம்பெனிக் கணினியின் மதர்போர்டு போய்விட்டது உங்களுக்குத் தெரியும். புதுக் கணினியே வாங்கிவிடுங்கள் என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் மாப்பிள்ளை, போர்வெல் மோட்டார் பழுது பார்க்கிறவர் அல்லவா, "பாடி நல்லா இருக்கயில யாராச்சும் மோட்டாரத் தூக்கிப் போடுவாங்களா? உள்ள காயில் கம்பிய மாத்துனா ஓடப் போவுது" என்று பெரம்பலூர் போய்ப் புது மதர்போர்டு வாங்கி வந்துவிட்டார். கம்பெனிக்காரன் தன் பெட்டிக்குள் தன் போர்டு மட்டுமே உட்காரும்படி செய்திருப்பான் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. திருகாணித் துளைகள் நேருக்கு நேர் நிற்கவில்லை, டிரில் போட்டார். பின்பக்கத் தகடு மறைத்தது, கட்டரால் அறுத்தார். பழைய பவர் சப்ளையின் பிளக் சேரவில்லை என்று புதிது வாங்கினால் அது பெட்டிக்குள் நுழையாமல் இப்போது வெளியே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறது. முன்பக்க சுவிட்சின் வயரோ போர்டில் எங்குமே மாட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடுறியே" என்று பழைய மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்து பச்சைப் பொத்தானைக் கழற்றி, இரண்டு வயர் இழுத்து, சுவரில் பொருத்தினார். அழுத்தினேன். அண்ணா, திரையில் வெளிச்சம் வந்தது! விண்டோஸ் மட்டும் இது வேறு கணினி என்று மூலையில் எதையோ எழுதி வைத்துக்கொண்டு முறைக்கிறது. "பழைய போர்டத்தான் தெரியுமாம். விசுவாசமான பய, இருக்கட்டும் வுடு" என்கிறார்.

எம்.ஏ. படித்த நான், பொருந்தாத பொருளைக் கண்டால் திருப்பிக் கொடுக்க ரசீதைத் தேடுகிறவள். இவருக்கு அந்த எண்ணமே வருவதில்லை. அதைப் பொருத்தியே தீரச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இருபத்திரண்டு வருடமாக என் முன்கோபத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்தினார் என்பது இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது. பத்திரிகையில் தாமரைக் கரை போட்டு, தாய்மாமன் பெயர் வரை அடித்து முடித்துவிட்டேன். கவலையே வேண்டாம்.

முத்தமிழ் மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்க்கக் காத்திருக்கிறோம். அவளுக்கு எங்கள் ஆசியும், அண்ணிக்கு என் அன்பும்.

தங்கை
அனுசுயா

பி.கு.: உறையை ஒட்டுமுன் பத்திரிகையில் ஒரு பிரதி எடுத்து உள்ளே வைக்கலாம் என்று போனேன். எங்கள் பழைய பிரிண்டரின் அகலப் பிளக்கைச் செருகப் புதுப் போர்டில் இடமே இல்லை. இவர் பிரிண்டரைத் திறந்துகொண்டிருக்கிறார். திங்கட்கிழமை பென் டிரைவோடு வருகிறேன், அதற்குள் நல்ல அச்சகமாகப் பார்த்து வையுங்கள். குலதெய்வத்திடம் வேண்டுமானால் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். இவரிடம் மட்டும் வேண்டாம்.